கோடையில் இரண்டு இரவுப் பயணம்: ஒயின் சுவைத்தல், மதிய விருந்துச் சலுகை, நகர உலா – ஒரு முழுமையான வழிகாட்டி

கோடையில் இரண்டு இரவுகள் ஓய்வாகக் கிடைத்தால் பெரும்பாலானோர் முதலில் மலிவான பயணச்சீட்டைத் தேடுகிறார்கள்; அடுத்து விடுதியை. ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் எங்கே ஒயின் சுவைக்கலாம், எங்கே நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று கைபேசியைத் துழாவுகிறார்கள். அதற்குள் காலை நேரச் சுவைப்பு அமர்வு, அதாவது பல ஒயின்களைச் சிறிது சிறிதாக ஊற்றித் தந்து விளக்கும் நிகழ்ச்சி, நிரம்பியிருக்கும். மதிய உணவுச் சலுகை வெள்ளிக்கிழமையோடு முடிந்திருக்கும். பேருந்து நிறைய ஆட்களை இறக்கிவிடும் ஏதோ ஒரு கூடத்தில் நின்றபடியே மூன்று கோப்பைகளைக் காலி செய்துவிட்டு வெளியேறுவதுதான் மிஞ்சும். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே என் கட்சி. எது குறைவாகக் கிடைக்குமோ அதை முதலில் உறுதி செய்ய வேண்டும். நல்ல சுவைப்பு அமர்வில் பத்துப் பேருக்கு இடம் இருந்தால் அதிகம். உணவகத்தில் சில பத்து மேசைகள் இருக்கும். ரயிலிலோ நூற்றுக்கணக்கான இருக்கைகள் உண்டு. ஆகவே முதலில் சுவைப்பு, அடுத்து மதிய உணவு, அதற்குப் பிறகே பயணச்சீட்டும் தங்குமிடமும்.

படி 1: ஊரைத் தேர்ந்தெடுத்தல்

இத்தகைய பயணத்துக்கு ஊரைத் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: கார் இல்லாமல் எல்லாம் முடிய வேண்டும். குடிக்கப் போகும் இடத்துக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போனால், கூட வருபவர்களில் ஒருவர் பயணம் முழுவதும் மற்றவர்கள் சுவைப்பதை வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கும். இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் ஒயின் நகரங்கள் மூன்று வகையாகப் பிரியும்.

முதல் வகையில் திராட்சைத் தோட்டம் ஊருக்குள்ளேயே இருக்கும். இதற்கு வியன்னாவைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. அந்த நகர எல்லைக்குள் மட்டும் சுமார் 600 ஹெக்டேர் திராட்சை விளைகிறது. நகர மையத்திலிருந்து டிராம் ஏறி நுஸ்டார்ஃப், கிரின்சிங் போன்ற பகுதிகளில் இறங்கினால், விளைவிப்பவரே தம் ஒயினைத் தம் முற்றத்தில் ஊற்றித் தரும் ‘ஹாய்ரிகர்’ என்னும் ஒயின் மனைகள் வரிசையாக வரும். 1784இல் இரண்டாம் ஜோசப் பேரரசர், விவசாயிகள் தாங்கள் விளைவித்த ஒயினையும் உணவுப் பொருளையும் தாங்களே விற்கலாம் என்று ஆணையிட்டதன் வழி வந்த உரிமை இது. வாசலில் ஊசியிலை மரக் கிளைக் கொத்து தொங்கினால் அன்று கடை திறந்திருக்கிறது என்று பொருள். சில மனைகள் ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே திறப்பதால், கொத்து தொங்குகிறதா என்பதைப் போவதற்கு முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் வகை, ஒயின் முதிரும் ஊர். போர்ச்சுகலின் போர்ட்டோவில், 1886இல் திறக்கப்பட்ட இரும்புப் பாலத்தை நடந்தே கடந்தால் எதிர்க்கரையில் விலா நோவா டி காயா. சாராயம் சேர்த்து வலுவூட்டிய போர்ட் ஒயினின் நிறுவனங்களுக்கான பீப்பாய்க் கிடங்குகள் அங்கேதான் நெருங்கி நிற்கின்றன. திராட்சை விளையும் டூரோ பள்ளத்தாக்கு உள்நாட்டில் கொளுத்தும் வெயிலில் இருக்கிறது. கடலை ஒட்டிய காயாவோ குளிர்ச்சியும் ஈரமும் கொண்டது. அதனால்தான் ஒயினைப் படகேற்றி இங்கே கொண்டுவந்து முதிர வைத்தார்கள். நுரைக்கும் ஒயினான ஷாம்பெய்ன் முதிரும் பிரான்சின் ரீம்ஸும் இதே வகைதான். பாரிசிலிருந்து அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம். ஊருக்கு அடியில் சுண்ணப்பாறையைக் குடைந்த நிலவறைகள். ஆண்டு முழுவதும் 10 முதல் 12 டிகிரி வரையிலான குளிர். கோடையில் இதைவிட நல்ல புகலிடம் கிடையாது, ஆனால் ஆயத்தமாகப் போக வேண்டும். ஜூலை மாத வெயிலுக்கேற்ற மெல்லிய பருத்திச் சட்டையோடு இறங்கிய நான், ஒரு மணி நேரம் கைகளைக் கட்டிக்கொண்டு நடுங்கியபடி, ஷாம்பெய்னின் நறுமணத்தைவிட வெளியேறும் படிக்கட்டின் மேலேயே கவனமாக இருந்தேன். பையில் ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும்.

மூன்றாம் வகையில் தோட்டங்கள் ரயில் தொலைவில் இருக்கும். பிரான்சின் பொர்தோ இதற்குப் பொருத்தம். (தமிழில் எழுதும்போது பொர்தோவும் போர்ட்டோவும் ஒன்றுபோல் தோன்றும், முன்பதிவு செய்யும்போது நாட்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.) அங்கே 2016இல் திறந்த ‘சிதே து வேன்’ என்னும் ஒயின் அருங்காட்சியகத்துக்கு டிராமில் போகலாம், தோட்டங்கள் சூழ்ந்த செயின்ட் எமிலியோன் என்னும் சிற்றூருக்கு ரயிலில் முக்கால் மணிக்கும் குறைவாகவே ஆகும். ஆனால் அந்த நிலையத்திலிருந்து ஊர் வரை திராட்சைக் கொடிகளுக்கு நடுவே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். காலையில் அது இனிய நடை. பிற்பகல் இரண்டு மணிக்கு, அதுவும் குடித்த பிறகு, தண்டனை.

படி 2: நாளைக் குறித்தல்

கோடை என்றாலே எல்லாம் திறந்திருக்கும் என்று நினைப்பது தவறு. இத்தாலியில் ஆகஸ்டு 15ஐ ஒட்டிய வாரமும், பாரிசில் ஆகஸ்டு மாதத்தின் பெரும்பகுதியும் நல்ல உணவகங்கள் பல பூட்டிக் கிடக்கும் காலம். பிரான்சில் ஞாயிறு மாலையும் திங்களும் பல உணவகங்களுக்கு விடுமுறை. பொர்தோவைச் சுற்றியுள்ள, ஒயின் தயாரிக்கும் பல தோட்ட மாளிகைகள் முன்கூட்டியே நேரம் குறித்து வருவோரை மட்டுமே ஏற்கின்றன, சில வார இறுதியில் யாரையுமே ஏற்பதில்லை. ஆகவே வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு திரும்புவது என்ற வழக்கமான திட்டம்தான் இந்தப் பயணத்துக்கு மிக மோசமான திட்டம். புதன் மாலை சேர்ந்து வெள்ளி மாலை திரும்புங்கள். வியாழன், வெள்ளி ஆகிய இரண்டு நாள்களிலும் தோட்டமும் உணவகமும் திறந்திருக்கும், விடுதிக் கட்டணமும் பல ஊர்களில் குறைவாக இருக்கும். வணிகப் பயணிகள் அதிகம் வரும் பெருநகரங்களில் மட்டும் இது தலைகீழாகும். அங்கே வார நாள்களில்தான் அறை விலை ஏறும்.

கொடியின் நிலையையும் கணக்கில் வையுங்கள். வட அரைக்கோளத்தில் ஜூனை ஒட்டிக் கொடி பூக்கிறது. ஜூலை இறுதியிலிருந்து ஆகஸ்டு வரை பச்சைக் காய்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறுகின்றன. ஆகஸ்டு இறுதியிலிருந்து அக்டோபர் வரை அறுவடை. ஒரே குலையில் பச்சையும் இளஞ்சிவப்பும் கருநீலமும் கலந்து நிற்கும் அந்தச் சில வாரங்கள்தான் தோட்டம் பார்க்க மிக அழகான காலம். விளைவிப்பவருக்கும் பேச நேரம் இருக்கும். அறுவடை தொடங்கிவிட்டால் உங்களை வரவேற்க ஆள் இருக்காது. தென் அரைக்கோளத்தில் கோடை டிசம்பர் முதல் பிப்ரவரி வரை என்பதையும், அங்கே பிப்ரவரியிலேயே அறுவடை தொடங்கிவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

படி 3: சுவைப்பு அமர்வை முன்பதிவு செய்தல்

ஒரு நாளைக்கு ஓர் அமர்வு. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஒரே நாளில் மூன்று தோட்டங்களைச் சுற்றிய எனது பழைய குறிப்பேடு இன்னும் இருக்கிறது: முதல் தோட்டத்துக்கு ஒன்றரைப் பக்கம், இரண்டாவதற்கு ஐந்து வரி, மூன்றாவதற்கு ‘நன்று’, ‘நன்று’, ‘மிக நன்று’. அந்த மூன்றாவது தோட்டத்துக்கும் பணம் கட்டித்தான் போனேன்.

நேரம் காலை பத்தரை அல்லது பதினொன்றாக இருக்கட்டும். நாக்கும் மூக்கும் அப்போதுதான் கூர்மையாக இருக்கும். வெயிலும் உச்சிக்கு வந்திருக்காது. முன்பதிவு செய்யும்போது, எத்தனை வகை ஒயின்கள், ஒவ்வொன்றும் எவ்வளவு அளவு, குழுவில் எத்தனை பேர், எந்த மொழியில் விளக்கம், உட்கார்ந்து சுவைப்பதா நின்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டில் வாங்கினால் அமர்வுக் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும் வழக்கம் சில இடங்களில் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். நிலவறையைச் சுற்றிக் காட்டுவது தனி, சுவைப்பது தனி என்று பிரித்து விற்கும் இடங்களில், முதல் முறை என்றால் இரண்டையும் எடுங்கள். ஏற்கெனவே இரண்டு மூன்று நிலவறைகளைப் பார்த்தவர் என்றால் சுற்றிக் காட்டுவதைத் தயங்காமல் விட்டுவிடலாம். ஒயின் நொதிக்கும் எஃகுத் தொட்டிகள் எல்லா ஊரிலும் ஒன்றுபோலவே இருக்கும்.

படி 4: உணவுச் சலுகையைப் படித்தல்

சலுகை என்ற சொல்லைக் கண்டதும் மயங்காமல், அந்த உணவகம் ஏன் விலையைக் குறைக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்தால் பாதி ஏமாற்றங்கள் தவிரும். குறைப்பதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு: வாடகையும் சமையல்காரரின் சம்பளமும் மதியம் மேசை காலியாக இருந்தாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆகவே இரவில் கைக்கு எட்டாத உணவகம், அதே சமையலறையில், அதே கைகளால், சற்றுச் சிறிய பட்டியலை மதியம் பாதி விலைக்கே தரக்கூடும். தெரிவுகள் குறைவு என்பதால் அவர்களுக்கும் வீணாவது குறைகிறது. நியூயார்க்கில் 1992 கோடையில் ஜனநாயகக் கட்சி மாநாடு நடந்தபோது, உணவக வழிகாட்டி நூல் வெளியிட்ட டிம் சாகட்டும் உணவகத் தொழிலதிபர் ஜோ பாமும் முன்னின்று தொடங்கிய ‘உணவக வாரம்’ இந்தத் தர்க்கத்தின் மேல்தான் எழுந்தது. ஆண்டின் எண்ணையே விலையாக்கி, மதிய உணவை 19.92 டாலருக்குக் கொடுத்தார்கள். ஒரு முறைக்கென்று தொடங்கியது பிறகு ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமாகி, மற்ற நகரங்களுக்கும் பரவியது.

நியாயமற்ற காரணங்களும் உண்டு. கூப்பன் தளங்களில் அறுபது, எழுபது சதவீதத் தள்ளுபடி என்று வருபவற்றில் பல, யாரும் அந்த விலைக்கு வாங்காத ஒரு பழைய விலையிலிருந்து கழிக்கப்பட்டவை. உணவகத்தின் சொந்த மெனுவைத் திறந்து, சலுகையில் வரும் அதே மூன்று உணவுகளைத் தனித்தனியாகக் கூட்டிப் பார்ப்பதே சரியான சோதனை. அதன் பிறகு சிறிய எழுத்துகளைப் படியுங்கள். எந்த நாள்கள், எந்த நேரம், குறைந்தது எத்தனை பேர், பானம் உள்ளடக்கமா, சேவைக் கட்டணமும் வரியும் சேர்த்தா சேர்க்காமலா, மிகச் சிறந்த இரண்டு உணவுகளுக்குப் பக்கத்தில் மட்டும் கூடுதல் தொகை அச்சிடப்பட்டிருக்கிறதா, வராமல் போனால் அட்டையிலிருந்து எவ்வளவு பிடிப்பார்கள் என்பவையெல்லாம் அங்கேதான் இருக்கும்.

நாட்டுக்கு நாடு சொற்கள் மாறுவதும் பணப்பையைப் பாதிக்கும். பிரான்சில் ‘மெனு’ என்றாலே நிலையான விலையில் வரும் முழுச் சாப்பாடு. ‘ஃபார்மூல்’ என்றால் பெரும்பாலும் இரண்டு உணவுகள் மட்டும். சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம். குழாய்த் தண்ணீர்க் குடுவை கேட்டால் இலவசம். ஸ்பெயினில் வார நாள் மதியங்களில் கிடைக்கும் ‘மெனு டெல் டியா’வில் ரொட்டியும் ஒரு பானமும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். போர்ச்சுகலில் நீங்கள் கேட்காமலேயே மேசைக்கு வரும் ரொட்டியும் ஆலிவும் தொட்டால் பணம். வேண்டாம் என்றால் உடனே திருப்பி அனுப்பிவிடலாம், யாரும் தவறாக நினைப்பதில்லை.

ஒயின் விலை தனிக் கணக்கு. உணவகத்தில் பாட்டிலின் விலை கடை விலையைப் போல் இரண்டு மூன்று மடங்காக இருப்பது இயல்பு. சாப்பாட்டில் கிடைத்த சலுகை முழுவதும் ஒரு பாட்டிலில் போய்விடும். 750 மில்லிலிட்டர் பாட்டிலில் 150 மில்லிலிட்டர் கோப்பைகள் ஐந்து வரும். இருவர் ஆளுக்கு ஒரு கோப்பை மட்டும் குடிப்பதானால் கோப்பைக் கணக்கில் வாங்குவதே மேல். அப்படி வாங்கும்போது, பாட்டில் எப்போது திறக்கப்பட்டது என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். நேற்று மதியம் திறந்து கோடை வெப்பத்தில் நின்ற சிவப்பு ஒயினுக்கு யாரும் பணம் கொடுக்கத் தேவையில்லை.

படி 5: நாளை அடுக்குதல்

சுவைப்பும் மதிய உணவும் உறுதியான பிறகு மற்றவை தாமாகவே இடம் பிடிக்கும். காலையில் வயிற்றுக்கு ஏதேனும் கனமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். வெறும் வயிற்றில் ஆல்கஹால் விரைவாக இரத்தத்தில் ஏறும். பதினொன்றுக்குச் சுவைப்பு, ஒரு மணிக்கு உணவு, மூன்று மணிக்கு அறைக்குத் திரும்பி உறக்கம். வெயில் சாய்ந்த பிறகு ஆறு மணியிலிருந்து நகரத்தை நடந்து பாருங்கள். பெரிய சாப்பாடு மதியமே முடிந்ததால் இரவுக்குச் சந்தையில் வாங்கிய ஏதேனும் எளியது போதும். அருங்காட்சியகங்களைச் சுவைப்பு இல்லாத அரைநாளுக்குத் தள்ளிவையுங்கள்; பல நகரங்களில் வாரத்தில் ஒரு நாள் அவை இரவு வரை திறந்திருக்கும். இந்த அடுக்கு முடிவான பிறகு விடுதியைத் தேடினால், சுவைக்கும் இடத்துக்குப் போகும் டிராம் தடத்தின் மேல் அறை வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

படி 6: கோப்பையை எடுத்தல்

அன்று காலை வாசனைத் திரவியம் பூசாதீர்கள். கோடையில் இன்னும் இரண்டு எதிரிகள் உண்டு: சன்ஸ்கிரீன், கொசு விரட்டிக் களிம்பு. இரண்டையும் முகத்திலும் கையிலும் தடவிக்கொண்டு கோப்பையை மூக்கருகே கொண்டுபோனால், எந்த ஒயினும் தேங்காய் எண்ணெய் கலந்த மருந்துக்கடை போலத்தான் மணக்கும். அதனால் கெடுவது உங்கள் சுவைப்பு மட்டுமல்ல, பக்கத்து இருக்கைக்காரரின் சுவைப்பும்தான். சன்ஸ்கிரீன் தேவை என்றால் மணமற்றதை, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தடவிக் கையைக் கழுவிவிடுங்கள்.

கோப்பையைத் தண்டில் பிடியுங்கள். உள்ளங்கை படும் ஒயின் சில நிமிடங்களிலேயே சூடாகிவிடும். ஊற்றியதும் வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்து விளிம்பின் நிறத்தைப் பாருங்கள்: சிவப்பு ஒயின் வயதாக வயதாகச் செங்கல் நிறத்துக்கு வெளிறும், வெள்ளை ஒயின் வயதாக வயதாகப் பொன்னிறமாகக் கருக்கும். பிறகு சுழற்றாமல் ஒரு முறை முகருங்கள். அடுத்து மெல்லச் சுழற்றி மீண்டும் முகருங்கள். இரண்டுக்கும் இடையே என்ன மாறியது என்பதைக் கவனித்தால் போதும். பதினெட்டுப் பழங்களின் பெயரை அடுக்க வேண்டியதில்லை. ஈர அட்டைப்பெட்டி, பூசணம் பிடித்த நிலவறை போன்ற வாடை வந்தால் அது கார்க்கினால் கெட்ட பாட்டில். சொன்னால் வேறு திறந்து தருவார்கள். உணவகத்தில் பரிமாறுபவர் முதலில் சிறிது ஊற்றிவிட்டுக் காத்திருப்பதும் இதற்காகவே. ஒயின் பிடித்திருக்கிறதா என்பது அங்கே கேள்வி அல்ல, கெட்டிருக்கிறதா என்பதுதான்.

அடுத்து ஒரு வாய். விழுங்காமல் நாக்கின் எல்லாப் பக்கத்திலும் உருட்டி, உதட்டைச் சற்றுத் திறந்து காற்றை உள்ளிழுங்கள். தொண்டையின் பின்வழியாக மணம் மூக்குக்கு ஏறும்போதுதான் ‘சுவை’ என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி தெரியும். பிறகு நான்கு கேள்விகள். கன்னத்தின் உட்புறம் எச்சில் ஊறுகிறதா? அது புளிப்பு. ஈறும் நாக்கும் உலர்ந்து இழுத்துப் பிடிக்கின்றனவா? அது திராட்சையின் தோலும் விதையும் தரும் டானின். இதை விளக்க ஆங்கிலத்தில் எழுதுவோர் பல வாக்கியங்களைச் செலவிடுகிறார்கள். அறுசுவையில் ஒன்றாகத் துவர்ப்பை எண்ணி வைத்திருக்கும் மொழியில் நமக்கு ஒரே சொல் போதும். தொண்டையில் சூடு தெரிகிறதா? அது ஆல்கஹால். வாய் காலியான பிறகும் எத்தனை நொடிகள் சுவை நிற்கிறது? அதை மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள். மூன்று நொடியில் மறைந்ததையும் பதினைந்து நொடி நின்றதையும் ஒப்பிடும்போது ஒயினின் தரம் பற்றி எந்தப் புள்ளிப் பட்டியலும் சொல்லாததை உங்கள் வாயே சொல்லிவிடும்.

வரிசை பொதுவாக நுரைக்கும் ஒயினில் தொடங்கி, மெல்லிய வெள்ளை, கனத்த வெள்ளை, மெல்லிய சிவப்பு, கனத்த சிவப்பு, கடைசியாக இனிப்பு என்று போகும். இதை மாற்றினால் துவர்ப்பும் இனிப்பும் நாக்கில் படிந்து அடுத்த மெல்லிய ஒயினைத் தண்ணீராக்கிவிடும்.

பாட்டிலின் பெயரையும் விலையையும் பார்ப்பதற்கு முன் குறிப்பை எழுதிவிடுங்கள். இது வெறும் பாசாங்கு அல்ல. பொர்தோவில் ஒயினியல் மாணவர்கள் 54 பேரிடம் மணமற்ற சிவப்பு நிறமி கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தபோது, அதைச் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே அவர்கள் வருணித்தார்கள்; மோரோ, புரோஷே, டுபூர்தியூ மூவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு அது. பயின்றவர்களின் மூக்கையே கண் இழுத்துச் செல்லும் என்றால், விலைச்சீட்டு நம்மை எங்கே இழுத்துச் செல்லும் என்று சொல்ல வேண்டியதில்லை.

படி 7: துப்புதல், கணக்கிடுதல்

மேசையில் வைத்திருக்கும் குவளை துப்புவதற்காகவே. அதைப் பயன்படுத்துவது அநாகரிகம் என்ற எண்ணத்தை விடுதி அறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். தொழில்முறைச் சுவைஞர்கள் எல்லோரும் துப்பித்தான் சுவைக்கிறார்கள். உதட்டைக் குவித்து, சற்றுக் குனிந்து, குவளையை வாயருகே கொண்டுவந்து துப்பினால் சட்டையில் தெறிக்காது. முந்தின நாள் குளியலறையில் தண்ணீரைக் கொண்டு இரண்டு முறை பழகிப் பாருங்கள்.

துப்பாமல் குடித்தால் என்ன ஆகும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. 50 மில்லிலிட்டர் வீதம் ஆறு வகை என்றால் 300 மில்லிலிட்டர், அதாவது முழுக் கோப்பைகள் இரண்டு. 13 சதவீத ஒயினில் அது சுமார் 31 கிராம் ஆல்கஹால். உடல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் வரைதான் வெளியேற்றும். ஆகவே பதினொரு மணி அமர்வின் ஆல்கஹால் பிற்பகல் மூன்று வரையாவது உடலில் இருக்கும். மதிய உணவோடு குடிக்கும் கோப்பை அதன் மேல்தான் ஏறும். போர்ட் போன்ற வலுவூட்டிய ஒயின் 20 சதவீதத்தை ஒட்டியது என்பதால் அங்கே ஊற்றும் அளவே சிறியதாக இருக்க வேண்டும். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் உள்ளிட்ட பல நாடுகளில் வாகனம் ஓட்டுவோருக்கான எல்லை ஒரு லிட்டர் இரத்தத்துக்கு 0.5 கிராம், ஹங்கேரியிலும் செக் குடியரசிலும் அது சுழியம். பல நாடுகளில் சைக்கிளும் சட்டத்தின் பார்வையில் வாகனமே. கருவுற்றவர்கள், ஆல்கஹாலோடு சேராத மருந்து உட்கொள்பவர்கள் ஆகியோருக்குப் பல இடங்களில் திராட்சைச் சாறோ ஆல்கஹால் நீக்கிய ஒயினோ கிடைக்கும், முன்பதிவிலேயே குறிப்பிட்டுவிடலாம்.

ஒவ்வொரு கோப்பைக்கும் அதே அளவு தண்ணீர் குடியுங்கள். கோடைத் தலைவலிக்குப் பலர் ஒயினைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் அன்று அவர்கள் தண்ணீர் குடித்திருக்க மாட்டார்கள்.

படி 8: வெப்பத்தை ஆளுதல்

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்ற பழைய விதி, வெப்பமூட்டி இல்லாத கல் வீடுகளின் காலத்தில் பிறந்தது. அந்த அறைகள் 17, 18 டிகிரியைத் தாண்டியிருக்காது. கோடையில் மாடத்து மேசைக்கு 28 டிகிரியில் வரும் சிவப்பு ஒயினில் ஆல்கஹாலின் காரம்தான் முன்னே நிற்கும். பாட்டிலைப் பத்து நிமிடம் பனிக்கட்டி வாளியில் வைக்கச் சொல்லுங்கள். பரிமாறுபவர் புருவத்தை உயர்த்தினால் உயர்த்தட்டும். வாளியில் பனிக்கட்டி மட்டும் இருந்தால் பாட்டிலைச் சுற்றிக் காற்றுதான் நிறைந்திருக்கும். தண்ணீரும் கலந்தால்தான் வேகமாகக் குளிரும். கனத்த சிவப்புக்கு 15 முதல் 18 டிகிரி, மெல்லிய சிவப்புக்கு 12 முதல் 14, ஓக் பீப்பாயில் முதிர்ந்த வெள்ளைக்கு 10 முதல் 13, மெல்லிய வெள்ளைக்கு 8 முதல் 10, நுரைப்பவற்றுக்கு 6 முதல் 8 என்று வைத்துக்கொண்டால் பெரிதாகத் தவறாது. மிகையான குளிர்ச்சியும் ஏமாற்றும்: மணத்தை அடக்கிவிடும், மலிவான வெள்ளை ஒயினின் குறைகளை மறைத்துவிடும். வெயிலில் கோப்பை சில நிமிடங்களில் சூடேறும் என்பதால் சிறிது சிறிதாக ஊற்றச் சொல்வதும் ஒரு வழி.

படி 9: வாங்குதலும் கொண்டுவருதலும்

சுவைத்த உடனே வாங்காதீர்கள். மூன்றாவது கோப்பையின் உற்சாகத்தில் வாங்கிய ஆறு பாட்டில்களை முதுகில் சுமந்து மதிய வெயிலில் ரயில் நிலையத்துக்கு நடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சாதாரண பாட்டில் ஒன்று 1.2 கிலோவுக்கு மேல். உள்ளழுத்தத்தைத் தாங்கத் தடித்த கண்ணாடியில் வரும் ஷாம்பெய்ன் 1.6 கிலோவை ஒட்டும். பெயரைக் குறித்துக்கொண்டு, உங்கள் ஊரில் அது கிடைக்கிறதா என்று அறையில் உட்கார்ந்து பாருங்கள். கிடைத்தால் விட்டுவிடுங்கள். தோட்டத்தில் மட்டுமே விற்கும் ஒன்றிரண்டைத்தான் சுமக்க வேண்டும்.

பல விமான நிலையங்களில் கைப்பைக்கு இன்னும் 100 மில்லிலிட்டர் விதி இருப்பதால் பாட்டில் சரக்குப் பையில்தான் போகும். 24 சதவீதத்துக்கு உட்பட்ட மதுவுக்கு விமானப் பாதுகாப்பு விதியில் அளவு வரம்பு இல்லை. போர்ட்டும் இதற்குள் அடங்கும். சுங்க வரம்பு அதிலிருந்து வேறானது: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து வருவோருக்கு நுரைக்காத ஒயின் 4 லிட்டர் வரை வரியின்றி அனுமதி, அமெரிக்காவுக்குப் பொதுவாக 1 லிட்டர். இறங்கப் போகும் நாட்டின் வரம்பைப் பார்த்துக்கொண்டு வாங்குங்கள். ஒவ்வொரு பாட்டிலையும் தனித்தனியே கட்டிய பிளாஸ்டிக் பையில் போட்டு, துணியில் உருட்டி, பெட்டியின் நடுவில் வையுங்கள். ஓரங்களில் அடி அதிகம் விழும்.

வாடகைக் காரோ நண்பரின் காரோ வந்துவிட்டால், பின்பெட்டியில் பாட்டிலை வைத்துவிட்டு மதிய உணவுக்குப் போகாதீர்கள். வெயிலில் நிறுத்திய காரின் உள்வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும். ஒயின் விரிந்து கார்க்கை வெளியே தள்ளும். கார்க்கை மூடிய உறையின் ஓரத்தில் பிசுபிசுப்பாகக் கசிந்திருந்தால் அந்த பாட்டிலின் கதை முடிந்தது. உணவகத்துக்குள் கூடவே எடுத்துச் சென்று மேசைக்கு அடியில் வைத்துக்கொள்வதை யாரும் மறுப்பதில்லை.

வீடு சேர்ந்ததும் பாட்டிலை இருட்டான, குளிர்ந்த மூலையில், கார்க் நனைந்திருக்கும்படி படுக்க வையுங்கள். அடியில் வண்டல் படியும் பழைய ஒயின் என்றால் திறப்பதற்கு முந்தின நாள் நிமிர்த்துங்கள். தோட்டத்தில் எழுதிய குறிப்புத் தாளை மடித்து ரப்பர் வளையத்தால் பாட்டிலின் கழுத்தில் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து எதை எதற்காகச் சுமந்து வந்தோம் என்று விழிக்க நேரிடும்.